15 என்ற எண்ணுக்குள் எதையெல்லாம் அடைத்தார்கள்: ஆஸ்திரேலிய வீடியோ கேம் வயது முத்திரை பற்றி ஒரு விவாத இழை

கேள்வி, 12 அக்டோபர் 2024

என் மகனுக்கு 12 வயது. வகுப்பில் பாதிப் பேர் ஜிடிஏ 5 என்ற 18+ கேமை விளையாடுகிறார்களாம். வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்து. 2013க்கு முன்பு இந்த நாட்டில் 18 வயதினருக்கான கேம் என்ற பிரிவே கிடையாது, அத்தகைய கேம்களை விற்கவே விடவில்லை என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பிறகு கம்பெனிகளுக்கு வளைந்துகொடுத்து ஆர்18+ முத்திரையைக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டார்களாம். பழையபடி மூடிவிட்டால் என்ன? எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.
(மெல்போர்ன் தந்தை)

12 அக்டோபர் 2024, இரவு

அலுவலக நண்பர் சொன்னதில் பாதிதான் உண்மை. பிரிவு இல்லை என்பது சரி. விற்கவிடவில்லை என்பது கட்டுக்கதை. அந்தக் காலத்தில் மேற்கு சிட்னியில் ஒரு கேம் கடையின் கல்லாவில் நின்று படிப்புச் செலவுக்குச் சம்பாதித்தவன் நான். விற்றதே இந்தக் கைகள்தான்.

சினிமாவுக்கு ஆர்18+ இருந்தது. கேம்களுக்கு 15 வயதுக்கான எம்ஏ15+ தான் உச்சம். அதற்குள் அடங்காத கேமுக்கு அரசின் வகைப்பாட்டு வாரியம் வகைப்பாட்டையே மறுத்துவிடும். மறுத்தால் விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது, விளம்பரம் செய்ய முடியாது. சொல்லாமல் சொல்லும் தடை. கேட்பதற்குக் கறாராக இருக்கிறது, இல்லையா? நடந்தது என்ன என்று பாருங்கள்.

நவம்பர் 2009. ஒரே மாதத்தில் இரண்டு பெரிய கேம்கள் வந்தன. முதலாவது கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2. அதில் ஒரு கட்டத்தில், ரஷ்ய விமான நிலையம் ஒன்றில், தீவிரவாதக் கும்பலுக்குள் ஊடுருவிய உளவாளியாக நாம் நிற்கிறோம். லிஃப்ட் கதவு திறக்கிறது. சோதனைக்காக வரிசையில் நிற்கும் பயணிகள் மீது கும்பல் சுடத் தொடங்குகிறது. நாமும் சுடலாம், சுடாமல் கூடவே நடந்தும் போகலாம். அடிபட்டவர்கள் தரையில் ஊர்ந்து போவார்கள். விரும்பாதவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகலாம் என்று தொடக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை வரும். தாண்டிப் போன ஒரு பையனையும் நான் சந்தித்ததில்லை. பிரிட்டனில் இந்த கேமுக்கு 18. இங்கே எம்ஏ15+.

இரண்டாவது லெஃப்ட் ஃபோர் டெட் 2. நோய் தொற்றி வெறிபிடித்துப் பாயும் கூட்டத்தை நான்கு பேர் சேர்ந்து அடித்து நொறுக்கும் கேம். செப்டம்பரில் வாரியம் மறுத்தது. மேல்முறையீடும் தோற்றது. கை கால் பறக்காமல், பிணம் தரையில் கிடக்காமல் ஒரு பதிப்பைத் தனியாகச் செய்து கொடுத்த பிறகே எம்ஏ15+ கிடைத்தது.

ஆகவே அந்த நவம்பரில் என் கடை அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே முத்திரையோடு இருந்தன. உயிருள்ள பயணிகளைச் சுடுவது முழுசாக. ஏற்கெனவே பாதி செத்தவர்களை அடிப்பது வெட்டப்பட்டு. நீங்கள் சொல்லும் மூடிய கதவு இதுதான்.

18 என்று ஒரு பெட்டி இருந்திருந்தால் விமான நிலையம் அதற்குள் போயிருக்க வேண்டும். இல்லாததால் 15க்குள் அடைத்தார்கள்.

13 அக்டோபர் 2024

"ஜாம்பிக்கு ஏன் தடை?" என்று கேட்ட அடிலெய்டுக்காரருக்கு.

வாரியத்தின் குறிப்பில் கைக்கருவிகள் தனியாகச் சொல்லப்பட்டிருந்தன. முதல் பாகத்தில் பெரும்பாலும் துப்பாக்கி. இரண்டாம் பாகத்தில் கோடாரி, ரம்பம், சாமுராய் வாள் என்று கிட்டத்தில் நின்று தாக்கும் சாமான்கள் வந்துவிட்டன. வாணலியும் உண்டு. கிரிக்கெட் மட்டையும் உண்டு. கிரிக்கெட் மட்டையை அவமதித்தால் இந்த நாட்டில் யார் பொறுப்பார்கள்?

வெட்டப்பட்ட பதிப்பை விளையாடிப் பார்த்தேன். அடித்தால் ஆள் விழுவான். தரையைத் தொட்டதும் காணாமல் போய்விடுவான். ஒரு அறைக்குள் முப்பது பேரை அடித்த பிறகும் அறை கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். குழந்தைகளுக்கு எது கெடுதல் என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அடித்ததன் விளைவு கண்ணில் படவே கூடாது என்பதுதான் அங்கே விதியாக இருந்தது. எனக்கு அந்தச் சுத்தமான அறைதான் அதிகம் உறுத்தியது.

அடுத்த மாதமே இன்னொரு கூத்து. ஏலியன்ஸ் வெர்சஸ் பிரடேட்டர் கேமை வாரியம் மறுத்தது. ஒரு காட்சியையும் வெட்டமாட்டோம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். அதே டிசம்பருக்குள், மேல்முறையீட்டைக் கேட்கும் மறுஆய்வு வாரியம் அதை ஒரு காட்சிகூடக் குறையாமல் எம்ஏ15+ என்று விட்டுவிட்டது. சில வார இடைவெளியில் அதே கேம் ஒரு குழுவுக்குத் தடை செய்யத்தக்கது, இன்னொரு குழுவுக்குப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஏற்றது.

இதற்கும் முன்னால் மேன்ஹண்ட். 2003இல் எம்ஏ15+. கடைகளில் மாதக்கணக்கில் விற்றது. செப்டம்பர் 2004இல் திடீரென்று தடை. வாங்கியவர்கள் வீட்டில் இருந்த கேம் குறுந்தட்டுகள் வீட்டிலேயே இருந்தன.

15 அக்டோபர் 2024

கல்லாவில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எம்ஏ15+ என்பது வெறும் ஆலோசனை கிடையாது. 15 வயதுக்குக் கீழே உள்ளவர் வாங்க வந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ கூட இருக்க வேண்டும் என்பது சட்டம். சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்க வேண்டும். கேட்டேன். பையன்கள் வெளியே போய் ஐந்து நிமிடத்தில் அப்பாவோடு திரும்பி வருவார்கள். அப்பா காரைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டு வந்த அவசரத்தில் இருப்பார். "என்னப்பா பிரச்சினை, அதுதான் நான் வந்துவிட்டேனே." கார்டைத் தேய்ப்பார். முடிந்தது.

முத்திரை என்ன சொல்கிறது என்று விளக்கச் சொல்லிக் கடையில் எங்களுக்குப் பயிற்சி இருந்தது. நான் விளக்குவேன். "ஐயா, இதில் ஆளைக் கொல்லும் காட்சிகள் கடுமையாக இருக்கும்." தலையாட்டுவார். "ரத்தம் நிறைய." தலையாட்டுவார். "கெட்ட வார்த்தைகள்." லேசாகச் சிரிப்பார். "பாலியல் தொழிலாளியைக் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம்." அவ்வளவுதான், பெட்டி கல்லாவின் மறுபக்கத்திலிருந்து என் பக்கம் தள்ளப்படும். பையன் என்னைக் கண்ணாலேயே எரிப்பான். தமிழர், லெபனான்காரர், வெள்ளைக்காரர் என்று வித்தியாசமே இல்லை. கொலைக்கு யாரும் கூச்சப்படவில்லை.

இதற்கு விதிவிலக்காக ஒருவர் நினைவில் நிற்கிறார். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், மகனோடு வந்தார். பையனுக்குப் பதினொன்று இருக்கலாம். கையில் ஒரு இராணுவக் கேம். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா பெட்டியைத் திருப்பிப் பின்பக்கப் படங்களைப் பார்த்தார். தலைக்கவசம் போட்ட சிப்பாய்கள் ஒரு வீட்டுக் கதவை உதைத்துத் திறக்கும் படம்.

"தம்பி, இவர்கள் என்ன செய்கிறார்கள்?"

"வீட்டுக்குள் புகுந்து சோதனை போடுகிறார்கள், அன்ரி."

"யாருடைய வீடு?"

எனக்குத் தெரியவில்லை. கேமிலும் அதைச் சொல்ல மாட்டார்கள். அவர் வேறொன்றும் கேட்காமல், பெட்டியைத் தானே கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, மகனின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். முத்திரையின் எண்ணை அவர் பார்க்கவே இல்லை.

15 அக்டோபர் 2024, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "எல்லாத் தாய்மாரும் அப்படி இருந்தால்" என்று ஆரம்பித்தவருக்கு: வேண்டாம். அந்த அம்மாவுக்கு அந்தப் படம் புரிந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் எல்லோருக்கும் வாய்க்க வேண்டாம்.

19 அக்டோபர் 2024

ஏன் இத்தனை வருடம் மாற்றவில்லை என்ற கேள்விக்கு வருவோம்.

கேம்களின் வகைப்பாட்டில் ஒரு புதிய பிரிவைச் சேர்க்க வேண்டுமென்றால் மத்திய அரசும் எல்லா மாநில அட்டர்னி ஜெனரல்களும் (சட்ட அமைச்சர்கள்) ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முடியாது என்றால் முடியாதுதான். அந்த ஒருவர் தெற்கு ஆஸ்திரேலியாவின் மைக்கேல் அட்கின்சன். 2002 முதல் 2010 வரை அந்தப் பதவியில் இருந்தார். கேம் விளையாடுகிறவர்களிடையே அந்த நாட்களில் அவரைவிட அதிகமாகத் திட்டு வாங்கிய அரசியல்வாதி கிடையாது. நள்ளிரவு தாண்டித் தன் வீட்டுக் கதவுக்கடியில் யாரோ மிரட்டல் சீட்டு போட்டதாக அவரே சொன்னார். செய்தவர் யாராக இருந்தாலும், "கேம் விளையாடினால் வன்முறை வராது" என்ற நம் வாதத்துக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறு எவரும் செய்திருக்க முடியாது.

2010 மார்ச் மாநிலத் தேர்தலில் அவருடைய குரோய்டன் தொகுதியில் போட்டியிடுவதற்கென்றே "கேமர்ஸ் ஃபார் குரோய்டன்" என்று ஒரு கட்சி முளைத்தது. வாக்கு சில சதவீதம். தொகுதியை அட்கின்சனே தக்கவைத்துக்கொண்டார். ஆனால் தேர்தல் முடிந்த கையோடு அட்டர்னி ஜெனரல் பதவியிலிருந்து விலகிக்கொண்டார்.

இடையில் மத்திய அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. 58,000க்கும் அதிகமான பதில்கள், 98 சதவீதத்துக்கு மேல் ஆர்18+ வேண்டும் என்று. இதை வைத்து மக்கள் எழுச்சி என்று பேசாதீர்கள். அந்தப் படிவம் எங்கள் கடைக் கல்லாவிலேயே இருந்தது. கேம் வாங்க வந்தவனிடம் கேம் வேண்டுமா என்று கேட்டால் என்ன சொல்வான்?

ஜூலை 2011இல் அட்டர்னி ஜெனரல்கள் கொள்கையளவில் ஒப்புக்கொண்டார்கள். நியூ சவுத் வேல்ஸ் மட்டும் அப்போது ஒதுங்கி நின்று அடுத்த மாதம் சேர்ந்துகொண்டது. 2012இல் சட்டம். 1 ஜனவரி 2013 முதல் நடைமுறை.

இன்று அட்கின்சனின் வாதத்தைத் திரும்பப் படித்தால் அது அவ்வளவு முட்டாள்தனமாகத் தெரியவில்லை. கடையில் என்னதான் அட்டை பார்த்து விற்றாலும், வீட்டுக்குப் போனபின் அந்தத் தட்டு தம்பி தங்கை கைக்குப் போகாமல் எந்த முத்திரையும் காக்காது என்றார் மனிதர். கல்லாவில் நின்ற எனக்கு அதை மறுக்க வாய் வராது. ஆனால் அவருடைய காவலில்தான் விமான நிலையக் காட்சி 15 என்ற எண்ணோடு அதே வீட்டுக்குள் போனது. அதைப் பற்றி அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

20 அக்டோபர் 2024

ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் சிரிக்கலாம்.

ரத்தத்துக்காக மட்டும்தான் தடை என்று நினைக்கிறீர்களா? ஃபால்அவுட் 3, ஜூலை 2008. அணுகுண்டுப் போருக்குப் பின் அழிந்த அமெரிக்கா, தலைகள் மெதுவாகச் சுழன்று பறக்கும் கேம். மறுத்தார்கள். எதற்கு? மார்ஃபின். அடிபட்ட கதாபாத்திரம் வலி தெரியாமலிருக்க மார்ஃபின் போட்டுக்கொள்கிறது. நிஜமான போதைப்பொருளின் பெயர், போட்டால் விளையாட்டில் பலன். பெயரை மெட்-எக்ஸ் என்று மாற்றினார்கள், எம்ஏ15+ கிடைத்தது. தலைகள் பறந்துகொண்டே இருந்தன. உலகம் முழுவதும் அந்தப் பெயரிலேயே வெளியானது, கான்பெர்ராவின் புண்ணியத்தில்.

2006இல் மார்க் எக்கோவின் கேம் ஒன்று. சுவரில் கிறுக்குவதுதான் கதை. மறுஆய்வு வாரியம் தடை செய்துவிட்டது. ஊரெல்லாம் சுடலாம், சுவரில் மட்டும் எழுதக் கூடாது.

ஆர்18+ வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. போதைப்பொருள் விளையாடுபவருக்குப் பலன் தந்தால் 18 முத்திரையும் கிடையாது என்று விதி. 2013இல் ஸ்டேட் ஆஃப் டிகே மறுக்கப்பட்டது. ஊக்க மருந்துகளைச் சத்து மாத்திரைகளாக்கிக் கொண்டுவந்தார்கள். 2018இல் வீ ஹாப்பி ஃப்யூ: மகிழ்ச்சி மாத்திரை விழுங்கி அடிமைகளாகிவிட்ட ஒரு சமூகத்தைப் பற்றிய கதை. மாத்திரை விழுங்குவதற்காகத் தடை, பிறகு மேல்முறையீட்டில் ஆர்18+. 2021இல் டிஸ்கோ எலிசியம், குடியால் சீரழிந்த ஒரு போலீஸ்காரனின் கதை. அதற்கும் முதலில் தடை, பிறகு ஆர்18+. பெரியவர்கள் உட்கார்ந்து வாசித்து வாசித்து விளையாட வேண்டிய கேம் அது. பன்னிரண்டு வயதுப் பையன் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவான்.

26 அக்டோபர் 2024

நியூஜெர்சியிலிருந்து எழுதிய அண்ணன், "சட்டம் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். அண்ணா, உங்கள் நாட்டிலேயே சட்டம் இல்லை.

அமெரிக்காவில் முத்திரை குத்துவது ஈஎஸ்ஆர்பி. 1994இல் கேம் தொழில்துறையே அமைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய டிசம்பரில் செனட்டர் லீபர்மேன் விசாரணை வைத்து, மோர்டல் கொம்பாட் என்ற சண்டைக் கேமில் முதுகெலும்போடு தலையைப் பிடுங்கும் காட்சியைப் போட்டுக் காட்டினார். நீங்களே செய்யாவிட்டால் நாங்கள் செய்வோம் என்று மிரட்டியதால் பிறந்த அமைப்பு. மீறி விற்றால் அரசு வழக்குப் போடாது.

கலிபோர்னியா 2005இல் சட்டம் போட்டது. கடும் வன்முறைக் கேமைச் சிறுவருக்கு விற்றால் 1,000 டாலர் வரை அபராதம். கையெழுத்திட்டவர் ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர், அதாவது திரையில் எத்தனை பேரைச் சுட்டார் என்று அவருக்கே கணக்குத் தெரியாத ஆர்னால்ட். 27 ஜூன் 2011 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைத் தூக்கிப்போட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, கிரிம் சகோதரர்களின் கதைகளில் குழந்தைகள் சூனியக்காரியை அடுப்பில் தள்ளிக் கொல்வதையும், கிரேக்கக் காவியத்தில் ஒடிசியஸ் ஒற்றைக்கண் அரக்கனின் கண்ணைக் குத்துவதையும் எடுத்துக்காட்டினார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் பரணியையும் சேர்த்திருப்பார். போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைத்துப் பந்தி வைப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே நாம். எந்த வாத்தியாரும் வயதுச் சான்று கேட்டதில்லை.

ஆனால் இதையும் கவனியுங்கள். அமெரிக்க வணிக ஆணையம் 13 முதல் 16 வயதுச் சிறுவர்களைத் தனியாகக் கடைகளுக்கு அனுப்பிச் சோதித்தது. 2000இல் 17 வயது முத்திரைக் கேமை வாங்க முயன்றவர்களில் 85 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. 2013இல் அது 13 சதவீதமாக இறங்கியது. சட்டமே இல்லாமல்! கடைக்காரர்கள் தாங்களாகவே கறாரானார்கள். கல்லாவில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளையை நம்பினால் நடக்கும். கூட வரும் அப்பாவை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

பின்குறிப்பு: அந்தக் கலிபோர்னியச் சட்டத்தைக் கொண்டுவந்த லீலண்ட் யீ 2014இல் ஊழல் வழக்கில் கைதானார். துப்பாக்கிக் கடத்தலுக்கு ஏற்பாடு செய்ய முன்வந்ததும் அதில் சேர்த்தி. குற்றத்தை ஒப்புக்கொண்டு 2016இல் 5 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கேமில் வரும் துப்பாக்கியைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

2 நவம்பர் 2024

"விளையாடினால் பிள்ளை முரடனாவானா ஆகமாட்டானா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் தீர்மானத்தைத் திருத்தியது: கத்துவது, தள்ளுவது போன்ற ஆவேசத்துக்கும் வன்முறைக் கேமுக்கும் சிறு தொடர்பு காணப்படுகிறது, நிஜக் குற்றச் செயல்களுக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரிபில்ஸ்கி, வைன்ஸ்டைன் இருவரும் பிரிட்டனில் 14, 15 வயதினர் ஆயிரம் பேரை ஆராய்ந்தார்கள். எந்த கேம் எவ்வளவு வன்முறையானது என்பதைப் பிள்ளைகளின் வாய்ச்சொல்லை வைத்துக் கணக்கிடாமல் அதிகாரபூர்வ வயது முத்திரையை வைத்தே அளந்தார்கள். ஆவேசத்தோடு தொடர்பு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. முத்திரையை உண்மையாகவே வாசித்த இருவரை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

கொலைகாரனாவானா என்ற அளவுகோலே வீட்டுக்கு உதவாது. மகன் கொலைகாரனாகமாட்டான் என்பது எனக்கு எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே தெரியும். பத்து வயதில் ஒரு சித்திரவதைக் காட்சியைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் விளக்கை அணைக்கவிடாமல் படுத்தால் அதற்கு எந்தப் புள்ளிவிவரமும் வராது. பெற்றோர் கேட்க வேண்டியது அந்தக் கேள்வி. முத்திரை பதில் சொல்ல முயல்வதும் அதற்குத்தான்.

9 நவம்பர் 2024

போராடி வாங்கிய ஆர்18+ என்னவாயிற்று?

ஜனவரி 2013இல் முதல் ஆர்18+ கேம் வந்தது. நிஞ்ஜா கைடன் சிக்மா 2 பிளஸ். கையடக்கக் கருவிக்கானது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2011இல் தடை செய்யப்பட்டு, வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கத்தில் பறிப்போம் என்று மிரட்டப்பட்ட மோர்டல் கொம்பாட், 2013இல் கறுப்பு நிற 18 முத்திரையோடு சாதாரணமாக அலமாரியில் உட்கார்ந்தது. லெஃப்ட் ஃபோர் டெட் 2 வெட்டாத பதிப்புக்கு 2014இல் அனுமதி வந்தது. வானம் இடிந்து விழவில்லை.

உங்கள் மகன் கேட்கும் ஜிடிஏ 5க்கும் ஆர்18+ தான். 2014 டிசம்பரில் டார்கெட், கே-மார்ட் என்ற இரண்டு பெரிய கடைச் சங்கிலிகளும் அதை விற்பதையே நிறுத்தின. காரணம் பொதுவான ரத்தம் இல்லை. அதில் பெண்கள்மீது, குறிப்பாகப் பாலியல் தொழிலாளிகள்மீது நடத்தக்கூடிய வன்முறையைக் கண்டித்து, அத்தகைய வன்முறையை வாழ்க்கையில் அனுபவித்த பெண்கள் மனு எழுதினார்கள்; பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். கேம் ரசிகர்கள் கொதித்தார்கள், தணிக்கை என்றார்கள். எனக்கு அப்போதும் அது தணிக்கையாகத் தெரியவில்லை. கடைக்காரர் ஒரு சரக்கை வைக்க மறுப்பது அவர் உரிமை. பெரியவர்களுக்கு வேறு கடைகளில் கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஆனால் அதற்குள் கடையே காலியாகத் தொடங்கிவிட்டது. நான் வேலை செய்த கடை இப்போது கைபேசி உறை விற்கும் கடை. கேம்கள் இணையத்தில் இறங்குகின்றன. எத்தனையோ வருடம் சண்டை போட்டு ஒரு கறுப்பு முத்திரையை வாங்கினோம். அதை ஒட்டுவதற்கான பெட்டி மறைந்துவிட்டது. கூடவே, அடையாள அட்டை கேட்கும் ஆளும்.

இன்னொன்றும் மாறியது. முன்பு ஒரு குழு உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பார்த்து முடிவெடுத்தது. கைபேசிக் கேம்கள் வெள்ளமாக வந்ததும் அது நடக்கிற காரியமில்லை. இப்போது இணையக் கடைகளில், தயாரிப்பாளர் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார். ரத்தம் உண்டா, சூதாட்டம் உண்டா என்று டிக் அடிக்கிறார். ஒவ்வொரு நாட்டுக்குமான வயதை ஒரு நிரல் துப்புகிறது. வாரியத்தின் கோமாளித்தனத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நானே சொல்கிறேன்: மார்ஃபினுக்குப் பதறிய அந்த மனிதர்களாவது ஏன் பதறினோம் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்தார்கள்.

10 நவம்பர் 2024

சுருக்கமாக ஒரு சேதி. 2024 செப்டம்பர் 22 முதல் இங்கே புதிய விதி. உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் உள்ள கேமுக்குக் குறைந்தது எம் முத்திரை (15 வயதுக்குக் கீழே உகந்ததல்ல என்ற ஆலோசனை மட்டும்). சூதாட்டத்தைப் போலவே நடத்தும் கேமுக்கு நேராக ஆர்18+. ஏற்கெனவே வகைப்படுத்தப்பட்ட கேம்களை இது தொடாது.

எனக்கு இது பிடித்திருக்கிறது. தாமதமாக வந்தாலும், பிள்ளையின் கையிலிருந்து நிஜமாக வெளியே போகும் ஒன்றைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். கால்பந்துக் கேமில் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. என் அக்கா மகனின் தீபாவளிப் பணம் முழுவதும் அதில் ஆட்டக்காரர் அட்டைகளாகப் போயிற்று. கிடைத்ததில் ஒருவர்கூடக் கோல் போடுகிறவர் இல்லையாம்.

16 நவம்பர் 2024

மெல்போர்ன் தந்தை தனிச்செய்தியில் கேட்டார், அனுமதி வாங்கிக்கொண்டு இங்கே பதில்: "சரி, தடை வேண்டாம். நான் இப்போது என்ன செய்ய?"

எண்ணை விடுங்கள். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். "கடும் வன்முறை", "போதைப்பொருள் பயன்பாடு", "இணையத்தில் பிறருடன் உரையாடல்", "விளையாட்டினூடே பணம் செலுத்துதல்" என்று. உங்கள் வீட்டுக்கு எது ஆகாது என்பது அந்த வரியில்தான் தெரியும். எங்கள் வீட்டில் ஜாம்பிக்கு விதிவிலக்கு உண்டு, முன்பின் தெரியாதவர்களுடன் பேச்சுக்குக் கிடையாது. உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம்.

ஜிடிஏ 5 என்றால், 12 வயதுக்கு நான் கொடுக்கமாட்டேன். அதில் நாமே இடுக்கி எடுத்து ஒருவனைச் சித்திரவதை செய்ய வேண்டிய கட்டம் உண்டு. பொத்தானை அழுத்த வேண்டியது பையனின் விரல். வகுப்பில் பாதிப் பேர் என்று அவன் சொன்னால், அந்தப் பாதியில் இருவரின் பெற்றோருக்கு ஃபோன் போட்டுப் பாருங்கள். கணக்கு குறையும்.

பிறகு கேம் கருவியில் அவன் கணக்கைத் திறந்து, அவனுடைய பிறந்த வருடம் என்னவென்று போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

17 நவம்பர் 2024

பார்த்துவிட்டாராம். 1979. கிறிஸ்துமஸ் அன்று அவசரத்தில் அவரே தன் பிறந்த தேதியைப் போட்டுத் திறந்து கொடுத்த கணக்கு. கருவியைப் பொறுத்தவரை அந்தப் பையனுக்கு 45 வயது. ஆர்18+ என்ன, எதைக் கேட்டாலும் கொடுக்கும்.

சரி செய்யும் வழி: அந்தக் கணக்கைச் சிறுவர் கணக்காக மாற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் உங்கள் பெயரில் ஒன்று, அதன்கீழ் அவனுக்குச் சரியான வயதில் புதிதாக ஒன்று. வயது வரம்பை 12க்கோ 15க்கோ வைத்துக் கடவுச்சொல் போடுங்கள், அவன் பிறந்தநாளைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். கார்டு விவரத்தை நீக்குங்கள்.

புதிய கணக்கில் அவன் இதுவரை சேர்த்த கால்பந்து அணி வராமல் போகலாம். சண்டை அதற்காகத்தான் நடக்கும், ஜிடிஏவுக்காக நடக்காது. பரீட்சை வாரத்தில் செய்யாதீர்கள்.